புரியாத மொழி, நிறைந்த அரங்கு

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழ் நாடகம் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. "பிள்ளைகளுக்குத் தமிழ் வசனம் புரிவதில்லை. பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு நடனம் வைத்தாலாவது கூட்டம் நிற்கும்" என்கிறார்கள் சில அன்பர்கள். நோய் இருப்பது உண்மைதான். அவர்கள் சொல்லும் மருந்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற கோடையில் இங்கிலாந்தில் நான் பார்த்த ஓர் அரங்கு அதற்குக் காரணம்.

லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, கிளைண்ட்போர்ன் என்ற இடத்தில் நடக்கும் ஆப்பரா விழாவுக்கு ஒரு நாள் போய்வந்தோம். ஆப்பரா என்பது, பாத்திரங்கள் பேசுவதற்குப் பதில் பாடியே கதை நடத்தும் இசை நாடகம். விக்டோரியா ரயில் நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் லூயிஸ் என்ற சிறிய ஊர். அங்கிருந்து பஸ். புல்வெளியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்க, ஒரு பழைய மாளிகையை ஒட்டி 1200 பேர் அமரும் அரங்கு நிற்கிறது.

ஜான் கிறிஸ்டி என்ற நிலக்கிழாரும் பாடகியான அவர் மனைவி ஆட்ரி மில்ட்மேயும் 1934-ல் தங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு சிறிய அரங்கு கட்டித் தொடங்கிய விழா இது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இசை நடத்துநர் ஃபிரிட்ஸ் புஷ்ஷும் நாடக இயக்குநர் கார்ல் எபர்ட்டும் அதை உருவாக்கித் தந்தார்கள். இப்போதுள்ள அரங்கு 1994-ல் திறக்கப்பட்டது. கோடை விழா அரசு மானியம் இல்லாமல், சீட்டு விற்பனை, உறுப்பினர் சந்தா, நன்கொடை இவற்றாலேயே நடக்கிறது. சந்தாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கும் நம் பொருளாளர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்!

நல்ல இருக்கைகளின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நின்று பார்ப்பதற்குக் குறைந்த விலைச் சீட்டும் உண்டு. 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சலுகையும் உண்டு. நடுவில் ஒன்றரை மணி நேர இடைவேளை. கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டு முடிச்சுமாக வந்த கனவான்கள் புல்வெளியில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட, நாங்களும் ஓர் ஓரமாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அன்று நடந்தது மொஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்'. 1786-ல் வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது. மணப்பெண்ணான வேலைக்காரி மீது பிரபு கண் வைக்கிறார். பிரபுவின் மனைவியும் வேலைக்காரர்களும் சேர்ந்து அவரை மடக்குகிறார்கள். கடைசியில் அவர் மனைவியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறார். பாட்டு முழுவதும் இத்தாலிய மொழி. அரங்கில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். ஆனாலும் பாடகி ஒரு வரி பாடி முடிப்பதற்குள் அரங்கே சிரித்தது. எப்படி?

மேடைக்கு மேலே நீளமாக ஒரு பலகை. பாட்டின் பொருள் அதில் இரண்டிரண்டு வரியாக ஆங்கிலத்தில் ஒளிர்ந்து மறைகிறது. 1983-ல் கனடாவின் டொரண்டோ நகரில் ஓர் ஆப்பரா நிறுவனம் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. கண் பலகையில் இருந்தால் மேடையை யார் பார்ப்பது என்று ஆரம்பத்தில் பலர் எதிர்த்தார்கள். இன்று உலகின் பெரிய அரங்குகள் பலவற்றில் இது வழக்கமாகிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பதில்லை. சாரத்தை மட்டும் தருகிறார்கள். இரண்டாம் அங்க முடிவில் ஏழு பேர் ஒரே நேரத்தில் பாடும்போது அத்தனை பேச்சையும் எழுதிக் காட்ட முடியுமா? அங்கே இசையே பேசிக்கொள்கிறது.

வசனத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாடியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் மூல மொழியை அப்படியே வைத்து, பொருளைப் பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டிய பாடம் இதுதான்.

புரியாத மொழியில் நாடகம் பார்ப்பது தமிழனுக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கில் உள்ளவை. தமிழ் பேசும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இரவில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். பிரகலாதன் கதை அவர்களுக்கு மனப்பாடம். கதை தெரிந்ததால் மொழி தடையாக இல்லை. இங்கே வளரும் நம் குழந்தைகளுக்கோ கதையும் தெரியாது, மொழியும் பாதிதான் தெரியும். நந்தனார் யாரென்று தெரியாத குழந்தை 'நந்தனார் சரித்திரம்' பார்த்து எப்படி உருகும்? அதற்குத்தான் பலகை தேவை.

இந்தியிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கக் கொடுத்தால் குழந்தைகள் தமிழ் கற்கவே மாட்டார்கள் என்று சிலர் அஞ்சலாம். மேடையில் தமிழே ஒலிக்காவிட்டால் மட்டும் கற்றுவிடுவார்களா? இரண்டு மணி நேரம் நல்ல தமிழ் காதில் விழுந்தாலே அது லாபம். பக்கத்து வீட்டு வட இந்திய நண்பரையும் தைரியமாக அழைக்கலாம்.

செலவும் அதிகமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜக்டர், மேடைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி போதும். ஆனால் உழைப்பு வேண்டும். வசனத்தைச் சுருக்கி மொழிபெயர்க்க ஒருவர். ஒத்திகை தோறும் உடனிருந்து, நடிகர் பேசுவதற்கு முன்பே நகைச்சுவையைக் காட்டிவிடாமல் சரியான நேரத்தில் பொத்தானை அழுத்த ஒருவர். இந்த இரண்டு வேலைகளையும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நாடகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் பெற்றோரிடம் பொருள் கேட்டே ஆக வேண்டும்!

வரும் ஆண்டு விழாவில் ஒரே ஒரு நாடகத்துக்காவது இதைச் செய்து பார்க்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அப்போதும் பிள்ளைகள் எழுந்து போனால், நடனத்துக்கு நானே முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.