உங்கள் முட்டி எத்தனை அங்குலம்?

சட்டை தைக்கப் போனால் டெய்லர் கழுத்தை அளக்கிறார், தோளை அளக்கிறார், கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டு வரை டேப் பிடிக்கிறார். அந்தச் சட்டையை வாரத்துக்கு ஒரு நாள்தான் போடப் போகிறீர்கள். தினம் ஒன்பது மணி நேரம் உட்காரும் நாற்காலியை வாங்கும்போது யாராவது உங்கள் காலை அளந்ததுண்டா? கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "ஸார், அஞ்சாயிரம் ரேஞ்சா, பத்தாயிரம் ரேஞ்சா?"

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். சென்னையில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவன். (கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். கேரளாவில் 2018-ல். அதாவது, நாற்காலி என்பது சட்டம் போட்டுக் கிடைத்த சாமான்!) 2020 ஊரடங்கில் கடையை மூட, கால் நரம்பெல்லாம் சுருண்ட நிலையில் ஊருக்கு வந்தான். தபாலில் பி.காம். முடித்திருந்தான், டாலி கற்றுக்கொண்டான். இப்போது சென்னை ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறான். கரிசல் காட்டில் மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வரும் பணம் அவன் சம்பளம் மட்டும்தான்.

அவன் போன மாதம் போன் பண்ணினான்.

"அண்ணே, இடுப்பு கழண்டு விழுந்துரும் போல இருக்கு. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது. வேலையை விட்டுரலாமான்னு இருக்கேன். இல்லேன்னா கேமிங் சேர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், பதினாலாயிரம். இ.எம்.ஐ.யில போட்டுரவா?"

"போடாதே. ஞாயித்துக்கிழமை வரேன். தங்கச்சிகிட்ட டேப் வாங்கி வை" என்றேன்.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிப் போய் இறங்கினால், பையன் ஆபீஸ் போட்டிருந்த இடம்... தங்கச்சியின் தையல் மிஷின்! பலகை மேல் லேப்டாப், கீழே மிதியில் கால். யோசிக்கும்போது தன்னையறியாமல் மிதிக்கிறான். சக்கரம் சுற்றுகிறது, ஜி.எஸ்.டி. கணக்கு ஓடுகிறது. உட்கார, கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தக் கை வைத்த பிளாஸ்டிக் சேர்.

டேப்பை எடுத்தேன். நீங்களும் எடுங்கள். ரெண்டே ரெண்டு அளவுதான். ஒன்று, பாதத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்துகொண்டு, முட்டியின் பின்மடிப்பிலிருந்து தரை வரை. தம்பிக்கு 16 அங்குலம். ரெண்டு, தோளைத் தளர விட்டு முழங்கையை மடக்கினால், உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை. 9 அங்குலம். பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. கீபோர்டு இருக்கவேண்டிய உயரம் அதுதான். தையல் மிஷினோ 30. சேர் 17½ இருந்ததால் முழங்கை இருந்தது 26½-ல். பாக்கி மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு தோளையும் காலை ஒன்பது மணியிலிருந்து தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். சுமை தூக்கும் ஆட்கள்கூட நடுவில் இறக்கி வைத்து பீடி பிடிப்பார்கள்.

விரல் மரத்ததற்கு காரணம் சேரின் கை. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டு விரல் வரை ஓடுமே, அந்த நரம்பு முழங்கையின் உட்புறம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அவன் அதை பிளாஸ்டிக் விளிம்பில் வைத்து மணிக்கணக்கில் அழுத்தியிருக்கிறான். "முதல்ல டாக்டரைப் பாரு, அப்புறம் சேரைப் பாக்கலாம்" என்று மறுநாளே அனுப்பினேன். நல்லவேளை, ஆரம்ப நிலைதான், அழுத்தாமல் இருந்தால் போதும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நாற்காலி மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானாகச் சொல்லியிருந்தால் அது ஜோசியம்.

பதினாலாயிரம் ரூபாய் சேரில் என்ன தப்பு? ரேஸ் கார் சீட் மாதிரி பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் மேலே போர்த்தியிருப்பது பெரும்பாலும் செயற்கைத் தோல். சித்திரை மாதம், திருச்சுழி, மத்தியானம் ரெண்டு மணி, கரண்ட் இல்லை. முதுகும் சேரும் ஒட்டிக்கொண்டால் எழும்போது 'பர்ர்ர்' என்று சத்தம் வரும். வியர்வையிலும் சூட்டிலும் அந்தத் தோல் சில வருஷத்தில் கருவாட்டுச் செதிள் மாதிரி உரியும். இ.எம்.ஐ. மட்டும் உரியாது.

அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்ற கம்பெனி 1994-ல் 'ஏரான்' என்று ஒரு நாற்காலி கொண்டுவந்தது. பஞ்சு மெத்தையை அடியோடு எடுத்துவிட்டு, காற்றுப் போகும் வலையை இழுத்துக் கட்டினார்கள். உலகமே மூக்கில் விரல் வைத்தது. விலை நம்மூரில் லட்சத்துக்கு மேல். எனக்கு அதில் பிடித்த விஷயம் வலைகூட இல்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சைஸில் செய்தார்கள் பாருங்கள், அதுதான். செருப்புக்கு சைஸ் உண்டு என்றால் சேருக்கும் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

வலையை நாம் முன்னாலேயே பார்த்தாகிவிட்டது. சர்க்கார் ஆபீஸ்களில் ஓட்டை ஓட்டையாகப் பிரம்பு பின்னிய நாற்காலி இருக்குமே, கிழிந்தால் பார்வையற்றவர்கள் விரலால் தடவியே திரும்பப் பின்னித் தருவார்களே, அது என்னவாம்? நார்க்கட்டில் என்னவாம்? வெக்கை ஊர்க்காரனுக்குக் காற்று எந்தப் பக்கம் வேண்டும் என்பது தெரியும்.

அளவும் தெரியும். அருப்புக்கோட்டை நெசவு ஊர். இப்போது விசைத்தறிச் சத்தம்தான் அதிகம் என்றாலும், குழித்தறியைப் பார்த்திருப்பீர்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் கீழே தொங்க விட்டு மிதிப்பார். கால் மிதிக்கு எட்டவேண்டும், துணி சுருட்டும் மரத்தில் முட்டி இடிக்கக் கூடாது, கை நாடாவைத் தள்ளுகிற உயரத்தில் இருக்கவேண்டும். இதையெல்லாம் பார்த்துத்தான் குழி. போதாததற்கு மண்ணின் ஈரத்தில் பாவு நூல் காய்ந்து அறுவதும் குறையும். அதற்காக நெசவாளிக்கு இடுப்பு வலியே கிடையாது என்று அளக்க மாட்டேன். எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் சிம்மாசனமும் வலிக்கும்.

திருச்சுழியும் சும்மா இல்லை. ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் மாதம் 2 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக ஆரம்பித்து, மனு எழுதி, கடைசியில் அங்கேயே வக்கீலாகப் பேர் வாங்கியவர். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு, முன்னால் சாய்வு மேஜை வைத்துக்கொண்டார்கள். பலகை சாய்ந்திருந்ததால் காகிதம் கண்ணைத் தேடி வந்தது. நாமோ லேப்டாப்பைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறோம், ஆமை மாதிரி.

கடை மேஜைகள் பெரும்பாலும் 29, 30 அங்குலம். ஆறடி ஆசாமி ஷூ போட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். நம் ஐந்தடி நாலங்குலத் தம்பிக்கு? சேரை உயர்த்தி, காலுக்குக் கீழே கட்டை போடலாம். இல்லாவிட்டால் மேஜையைக் குட்டையாக்கலாம். ரெண்டாவதைப் பிடித்தோம். அருப்புக்கோட்டையில் ஒரு ஆசாரியிடம் வேப்பம்பலகை மேஜை, உயரம் 25 என்றதும் சிரித்தார்.

"என்ன தம்பி, பள்ளிக்கூடத்துக்கா?"

"இல்லீங்க, அமெரிக்கா லெவல்ல ஆபீஸ்."

"அப்ப ஒரு டிராயர் வச்சிரட்டா? அழகா இருக்கும்."

டிராயர் வைத்தால் தொடை இடிக்கும். பேனா, ஸ்டேப்ளருக்காக முட்டியைப் பலி கொடுப்பதா? வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். மிச்சக் கட்டையில் எட்டு அங்குலத்தில் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். அதன் மேல் ரெண்டு பழைய பேரேடு, அதன் மேல் லேப்டாப். ஸ்க்ரீனின் மேல் விளிம்பு இப்போது ஏறக்குறைய கண் மட்டத்தில். கையை நீட்டினால் விரல் நுனி ஸ்க்ரீனைத் தொடும் தூரம். கீபோர்டும் மவுஸும் தனியாக. இது ரொம்ப முக்கியம். லேப்டாப்பில் ஸ்க்ரீன் சரியாக இருந்தால் கீபோர்டு தப்பாக இருக்கும், கீபோர்டு சரியென்றால் ஸ்க்ரீன் தப்பு. ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், முகத்துக்கு நேராகவும் வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள்.

பழைய சாமான் கடையில் கை இல்லாத பிரம்பு சேர், பின்னல் போனது, 600 ரூபாய். வயர் பின்ன 450. மேஜை 2,800. கீபோர்டு, மவுஸ் 900. மொத்தம் 4,750. வருமான வரிக் கணக்கில் மர சாமானுக்கு வருஷம் 10 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். முதுகெலும்புக்கு எந்த ரேட் என்று பி.காமில் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அரை மணிக்கு ஒருதரம் எழுந்து வாசல் வரை நடக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அலாரம் வைக்கவில்லை. அம்மா கூப்பிட்டுக் காக்கா விரட்டச் சொல்கிறார்கள். மாடியில் வற்றல் காய்கிறது.

நேற்று போன் வந்தது. விரல் பரவாயில்லையாம். சென்னையில் இருக்கும் அவனுடைய டீம் லீடர் வீடியோ காலில் மேஜையைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, எந்த பிராண்டு?" என்று கேட்டாராம்.

"என்னடா சொன்னே?"

"வேம்புன்னு சொன்னேண்ணே. ஆன்லைன்ல தேடிக்கிட்டு இருக்காரு."