ஏமாத்திட்டாங்க பாஸ்!

முதல்லயே சொல்லிடறேன். அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கொலைகாரன் யாருன்னு இந்தப் பதிவில் போட்டு உடைக்கப் போகிறேன். இன்னும் படிக்காதவங்க இத்தோட எஸ்கேப் ஆயிடுங்க. படிச்சிட்டு வாங்க, பதிவு எங்கேயும் ஓடிப் போயிடாது.

போயிட்டாங்களா? சரி.

எங்க டீமில் புதுசாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் அது என் கீபோர்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று வந்து விழுந்தது. "ஏமாத்திட்டாங்க பாஸ். கதை சொல்றவனே கொலைகாரன்னா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது செம போங்கு." டீ குடிக்கப் போன இடத்திலும் விடவில்லை. என்னமோ டாக்டர் ஷெப்பர்ட் இவன்கிட்ட கைமாத்து வாங்கிட்டு ஓடிப்போன மாதிரி அவ்வளவு கடுப்பு.

பாவம், இது 1926-ல் புத்தகம் வந்தப்பவே கிளம்பின பஞ்சாயத்துன்னு அவனுக்குத் தெரியாது. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அதில் ஒன்று, துப்பறிபவரின் அசட்டு நண்பன், அதாவது வாட்சன், தன் மனசில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது. எதிர்க்கட்சியில் டோரதி சேயர்ஸ். அவருடைய வாதம், எல்லாரையும் சந்தேகப்பட வேண்டியது வாசகனோட வேலை, அதை நீ செய்யலேன்னா எழுத்தாளர் என்ன பண்ணுவார் என்பது. 1998-ல் பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் தனிப் புத்தகமே போட்டு, கொலை பண்ணினது டாக்டரே இல்லை, அவரோட அக்கா கரோலின்தான் என்று ஒரு போடு போட்டார். நான் சேயர்ஸ் கட்சி. ஆனால் காரணம் வேற.

இது பாய்ரோ வரிசையில் மூணாவது நாவல். 1920-ல் வந்த முதல் நாவலையும் 1923-ல் வந்த ரெண்டாவதையும் சொன்னது கேப்டன் ஹேஸ்டிங்ஸ். மனுஷன் பச்சைப்புள்ள. மனசில் பட்டதை எல்லாம் உளறி வைப்பார், பெரும்பாலும் தப்பாக. ரெண்டாவது கதையோட அவருக்குக் காதல் கைகூடுது, அர்ஜென்டினா போயிடறார். அக்ராய்டில் பாய்ரோ வேலையை விட்டுட்டு கிங்ஸ் அபாட் என்ற கிராமத்தில் நம்ம சுரைக்காய் மாதிரி ஒரு காயைப் பயிர் பண்ணிக்கிட்டு இருக்கார். ஹேஸ்டிங்ஸோட நாற்காலி காலி. பக்கத்து வீட்டு டாக்டர் அதில் சத்தமில்லாம வந்து உட்கார்றார். நாமளும் ஹேஸ்டிங்ஸ் மேல வச்சிருந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி அவர்கிட்ட கொடுத்துடறோம். அவர் கேட்கவே இல்லை!

ஒரு தொடரில் நடுவில் வருகிற புத்தகத்தால்தான் இந்த வேலையைப் பண்ண முடியும். முதல் நாவலிலேயே பண்ணியிருந்தால் "ஓஹோ, புதுசா இருக்கே"ன்னு போயிருப்போம். கோபம் வந்திருக்காது. பையன் பாய்ரோ படிச்சதில்லை, ஆனால் ஷெர்லக் ஹோம்ஸ் மொத்தமும் முடிச்சவன். அதனால் அவனுடைய நாற்காலியில் வாட்சன் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, டாக்டர் பொய் சொன்னாரா? புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அக்ராய்டுக்கு வந்த கடிதம் அறைக்குள் வருவது 8:40. டாக்டர் அறையை விட்டு வெளியே வருவது 8:50. ரெண்டு நேரத்தையும் அவரே எழுதி வைக்கிறார். நடுவில் இருக்கிற பத்து நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. கேட் வரைக்கும் அஞ்சு நிமிஷ நடை, அவர் போய்ச் சேருவது ஒன்பது மணிக்கு. மிச்சம் அஞ்சு நிமிஷம் எங்கே போச்சு? ஆபீஸில் ஒரு லாக் ஃபைலில் இப்படி இடைவெளி இருந்தால் நம்ம யாராவது சும்மா விடுவோமா? கதைப் புத்தகத்தில் மட்டும் தாராளமா விட்டுடறோம். பையன் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அட, ஆமா"ன்னான். அப்புறம், "இருந்தாலும் போங்குதான்"னான்.

என்னைக் கேட்டால் உண்மையான போங்கு அந்த டிக்டாஃபோன்தான். செத்தவரோட குரல் கேட்கணும்னு அந்தக் காலத்து ரெக்கார்டர் ஒண்ணு குறிச்ச நேரத்துக்குத் தானாகவே ஓடுகிற மாதிரி டாக்டர் செட் பண்ணுகிறார். அவருக்கு மெஷின் நோண்டுகிற பழக்கம் உண்டு என்று முன்னாடியே விதை போட்டிருக்காங்கதான். ஆனால் ஒரு தடவைகூட அந்த வீட்டில் வச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்காம, புரொடக்‌ஷனில் முதல் ரன்னிலேயே ஓடுதாம். நம்பவா? :-)

பையனோட கோபத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இந்தப் புத்தகத்தை எடுத்து அஞ்சு பக்கம்கூடப் போயிருக்க மாட்டேன். தோசைத் தட்டோட அந்தப் பக்கம் போன சீனியர் ஒருத்தர் அட்டையைப் பார்த்துட்டு, "ஓ, டாக்டர்தான்டா பண்ணுவான்"னு சொல்லிட்டு நிக்காம நடந்து போயிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் மிச்சத்தை டாக்டரையே முறைச்சுக்கிட்டுப் படிச்சேன். அந்தப் பத்து நிமிஷ ஓட்டையை முதல் வாசிப்பிலேயே பிடிச்சேன், அதில் எனக்கு என்ன பெருமை? யாருன்னு தெரிஞ்சப்புறம் ஓட்டை தெரியாம இருக்குமா? பையனுக்குக் கடைசியில் தூக்கி வாரிப் போட்டுச்சு பாருங்க, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனிமே எத்தனை தடவை படிச்சாலும் வராது. ஏமாந்தது நான்தான். ஏமாத்தினது அகதா கிறிஸ்டி இல்லை.

2013-ல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் ஓட்டுப் போட்டு, இதுவரை வந்த குற்றக்கதை நாவல்களிலேயே சிறந்தது இதுதான்னு தேர்ந்தெடுத்தாங்க. இதைச் சொன்னப்ப பையன் அசரலை. "எழுத்தாளருங்க எல்லாம் ஒரே கூட்டு பாஸ்"ன்னுட்டான்.

ஆனா புதன்கிழமை மெதுவா வந்து, "வேற இருக்கா?"ன்னு கேட்டான். ஹேஸ்டிங்ஸ் சொல்கிற முதல் கதை, 'ஸ்டைல்ஸ்', எடுத்துக் கொடுத்தேன். கதை சொல்றவனை இந்த முறை விடமாட்டேன்னு முதல் பக்கத்திலிருந்தே பென்சிலோட உட்கார்ந்திருக்கான். நான் ஒண்ணும் சொல்லலை. 1975-ல் வந்த 'கர்ட்டன்'ல ஹேஸ்டிங்ஸ் அதே ஸ்டைல்ஸ் வீட்டுக்குத் திரும்பி வருவார். அதைப் பத்தி அவன்கிட்ட மட்டுமில்லை, உங்ககிட்டயும் வாயைத் திறக்கிறதா இல்லை.