வாசிக்காமலே தீர்ப்புச் சொல்லும் வாசகர்கள்

சித்தாண்டியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவி ஒருவருக்குச் சென்ற தவணை ஒரு புத்தகம் கொடுத்தேன். ஜோர்ஜ் ஓர்வெல் எழுதி 1945இல் வெளிவந்து, க.நா.சுப்ரமண்யம் தமிழாக்கிய 'விலங்குப் பண்ணை'. ஒரு கிழமையில் திருப்பிக் கொண்டுவந்தார். கதை எப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்கு சேர். ஆனா, இத வீட்ட வச்சிருந்தா பிரச்சின ஒண்டும் வராதா?" என்றார்.

யுத்தம் முடியும்போது அவர் கைக்குழந்தை. பயம் மட்டும் அவருக்கு வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, அந்த ஊரைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். 1990இல் இராணுவம் சுற்றிவளைப்புக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், வீட்டிலிருந்த புத்தகங்களை உரப்பையில் கட்டிக் கிணற்றடியில் புதைத்தாராம். அதில் பாதி பாடப்புத்தகங்கள். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரிக்க அந்தத் தாய்க்கு நேரம் இருக்கவில்லை.

நானும் என் கதையைச் சொன்னேன். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், 2019 மே மாதத்தில் ஓர் இரவு, என் மனைவியும் நானும் புத்தக அலுமாரியைத் திறந்து உட்கார்ந்தோம். அரபு எழுத்துள்ளவை ஒரு பக்கம். அட்டையில் வாள், குதிரை, கொடி உள்ளவை இன்னொரு பக்கம். இலக்கியம் படிப்பிக்கும் நான், ஒரு வரலாற்று நாவலை அதன் அட்டைப்படத்துக்காக மட்டும் சாக்கில் போட்டேன். அந்த நாட்களில் நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. அதே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடுப்பிலிருந்த கப்பல் சுக்கானின் படம் தர்மச்சக்கரமாகப் பார்க்கப்பட்டதால் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். படத்தையே அப்படிப் பார்த்தவர்கள் எழுத்தை எப்படி வாசிப்பார்கள் என்ற பயம் நியாயமானதுதான்.

அந்தப் பயம் வீண் அல்ல என்பதை அடுத்த ஆண்டே கண்டோம். மன்னார், சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் ஒரு தமிழாசிரியர், என்னைப் போல. 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டவர். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தை ஊட்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. நூலைத் தமிழில் வாசித்தவர்களோ, அதில் வன்முறைக்கும் போருக்கும் எதிரான குரலே இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் ஏறத்தாழ 19 மாதங்கள் அவர் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இழந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இது நமக்கு மட்டும் நடக்கும் அநியாயம் என்று நினைத்துவிடவும் கூடாது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பௌத்த மடம் ஒன்றைப் பின்னணியாகக் கொண்ட 'அர்த' என்ற சிறுகதையை முகநூலில் வெளியிட்டதற்காக 2019 ஏப்ரலில் கைதானார். நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். பயன்படுத்தப்பட்டது 2007ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டமே எழுத்தாளரை அடைக்கப் பயன்பட்டது.

ஓர்வெலின் '1984' நாவல் 1949இல் வந்தது. அதில் மனதுக்குள் நினைப்பதே குற்றம். அதைக் கண்டுபிடிக்கத் தனிப் பொலிஸ். எங்கோ, எப்போதோ நடக்கக்கூடிய கற்பனை என்று உலகம் வாசித்தது. 1979இல் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ் வாழும் நமக்கு அது அவ்வளவு தூரத்துக் கதையாகப் படுவதில்லை. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்டில், புத்தகங்களைத் தேடித்தேடி எரிக்கும் ரே பிராட்பரியின் 'பாரன்ஹீட் 451'உம் அப்படித்தான்.

ஆனால் பிராட்பரியின் அந்த 1953ஆம் ஆண்டு நாவலில் நாம் கவனிக்கத் தவறும் ஓர் இடம் உண்டு. தீ வைக்கும் படையின் தலைவரே சொல்கிறார்: இது மேலிருந்து வந்த கட்டளையில் தொடங்கவில்லை, மக்கள் முதலில் வாசிப்பதை விட்டார்கள், பிறகு தங்களுக்குப் பிடிக்காத எழுத்து இருக்கக் கூடாது என்றார்கள், அரசாங்கம் பின்னால் வந்தது. இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஏனென்றால் சித்தாண்டிக்குப் பக்கத்திலேயே ஏறாவூர் இருக்கிறது.

ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித், 2012 நவம்பரில் பிபிசி தமிழுக்குச் சொன்ன ஒரு கருத்துக்காக எவ்வளவு அச்சுறுத்தலுக்கு உள்ளானார் என்பதை நாம் அறிவோம். அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விடயம். மறுப்பு எழுதியிருக்கலாம், விவாதத்துக்கு அழைத்திருக்கலாம். அவர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. 2015இல் அவர் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்திகூடப் பரப்பினார்கள். அவருடைய 'உம்மத்' நாவலைத் திட்டியவர்கள் பலரிடம் நான் கேட்டிருக்கிறேன், எத்தனையாம் பக்கத்தில் பிழை என்று. வாசித்தவர் மிகச் சிலர். மற்றவர்கள் வட்ஸ்அப்பில் வந்ததை வைத்துப் பேசினார்கள்.

முதல் வஹியே வாசிப்பைப் பற்றி இறங்கிய சமூகம் நாம். செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத்தருகிறது. அஹ்னாபின் கவிதையை வாசிக்காமல் தண்டித்தார்கள் என்று குமுறும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அதே அளவுகோலை நம் எழுத்தாளர்களுக்கும் நாம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் குமுறல் பாதிக்கப்பட்டவனின் குரலாக மட்டுமே கேட்கும், நியாயத்தின் குரலாகக் கேட்காது.

செய்யக்கூடியவை உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரும்போது, எழுத்துக்காக யாரும் கைதாகக் கூடாது என்பதைத் தனிக் கோரிக்கையாகவே நம் அரசியல்வாதிகள் முன்வைக்க வேண்டும். எழுத்தைப் பற்றி முறைப்பாடு வந்தால், அந்த மொழியும் இலக்கியமும் தெரிந்தவர்கள் முழு நூலையும் வாசித்த பிறகே எந்த நடவடிக்கையும் என்று கேட்க வேண்டும். பள்ளிவாசல் நூலகங்களில் மாதம் ஒரு நூலை எடுத்து, பிடித்ததையும் பிடிக்காததையும் பக்கத்தைக் காட்டிப் பேசலாம். தமிழ் ஊர்களின் வாசகர்களையும் அதற்கு அழைக்கலாம். கிணற்றடியில் புத்தகம் புதைத்த தாயின் மகனும், சாக்கில் கட்டிய நானும் ஒரே மேசையில் பேச நிறைய இருக்கிறது.

அந்த மாணவிக்கு, "ஒரு பிரச்சினையும் வராது" என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. வாசித்ததைப் பற்றி உன் கருத்தை ஒரு பக்கம் எழுதித் தா என்றேன். இரண்டு நாளில் எழுதித் தந்தார். பன்றிகளைவிட, கேள்வி கேட்காமல் ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டே இருந்த ஆடுகள்மீதுதான் தனக்குக் கோபம் என்று எழுதியிருந்தார். கீழே தன் பெயரை முழுமையாகப் போட்டிருந்தார்.