இயந்திரம் கற்ற கண் மருத்துவம்

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையை நம்பிக் குடிபெயர்ந்து வந்த நமக்கு இயந்திரம் புதிதன்று. ஆலையில் நாம் கண்ட இயந்திரம் இன்று மருத்துவமனைக்குள்ளும் புகுந்து, படம் பார்த்து நோய் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு என்பது அதன் பெயர். செவிலியராகவும் ஆய்வுக்கூடப் பணியாளராகவும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் பிழைப்பு என்னாகும் என்ற கவலை எழுவது இயல்பே.

நடந்த ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம். நீரிழிவு நோய் விழித்திரையைக் கெடுக்கும். தொடக்கத்தில் வலியிராது, பார்வையும் குறையாது. அப்பொழுதே கண்டுகொண்டால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். ஆனால் விழித்திரைப் படத்தை ஆராய்ந்து கூறவல்லார் நம் நாட்டில் சிலரே. ஆகவே கூகுள் நிறுவனத்தார் 1,28,175 படங்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றி, 2016இல் முடிவை வெளியிட்டனர். அப்படங்களைத் தரம் பிரித்தவர்கள் 54 மருத்துவர்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் இடம் பெற்றன. நாராயண நேத்ராலயாவின் ஒரு கிளை நம் பொம்மசந்திராவிலேயே உள்ளது. 2019இல் அவ்வியந்திரம் மதுரை அரவிந்தில் பணிக்கு வந்தது.

தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் அதே இயந்திரத்தை வைத்தபோது வேறொன்று புலப்பட்டது. 2020இல் வெளிவந்த ஆய்வின்படி, செவிலியர் எடுத்த 1,838 படங்களுள் நூற்றுக்கு 21ஐ, தெளிவில்லை என்று அது தள்ளிவிட்டது. படமெடுக்க ஏற்ற இருட்டறை பல நிலையங்களில் இல்லை. இணையமும் மெதுவாகவே இயங்கிற்று. பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் ஏழை நோயாளர் ஒருநாட் கூலியை இழந்து அலைவாரே என்று செவிலியர் வருந்தினர். அவ்வருத்தம் இயந்திரத்துக்குத் தெரியாது.

ஆக, படத்தை ஆராயும் வேலை ஓரளவு கைமாறுகிறது. ஆனால் நோயாளரை அமர்த்தி, அச்சம் போக்கி, நல்ல படம் எடுத்து, முடிவை அவர் மொழியில் விளக்கி அனுப்பும் வேலை கூடுகிறது. கன்னடம் அறியாத நம் முதியோருக்கு அத்தகைய செவிலியரே துணை. புதுக் கருவி வாங்கும் மருத்துவமனைகள் பணியாளருக்கு வேலை நேரத்திலேயே பயிற்சி அளிக்க வேண்டும்; இயந்திரம் தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் முன்னரே வரையறுக்க வேண்டும். மிச்சப்படும் நேரம் ஆட்குறைப்புக்கு வழியாகாமல் நோயாளருக்குப் பயன்படுமாறு செய்வதே முறை.

நம் இல்லங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நீரிழிவு உடையோர், பார்வை நன்றாயிருப்பினும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்க. ஒருநாட் கூலி போயினும் பிறகு ஈட்டலாம். போன பார்வையை மீட்பது அரிது.