துறைமுகம் எங்கே, மிஸ்?

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை மதிலருகே நின்று கடலைப் பார்த்ததும் கேட்கக்கூடிய முதல் கேள்வி இது. வணிகக் கப்பல்களுக்கான துறை கண்ணில் படாது. எதிரே மணலும் அலையும் தெரியும். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லி, வரிசை கலையாமல் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குள் நகர்த்திவிடுவது ஆசிரியர்களுக்கு எளிது. அன்றைய பயணத்தின் நல்ல பாடம் அந்த இடத்திலேயே கைநழுவிப் போகிறது.

டேனிஷ் வணிகம் நடந்த காலத்தில் தரங்கம்பாடி திறந்த கடற்கரை. பெரிய கப்பல்கள் தள்ளிப்போய் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையையும் ஆளையும் கரைசேர்த்தவை சலங்குகளும் கட்டுமரங்களும்தான். சலங்கின் பலகைகளை ஆணி அடித்துப் பிணைக்க மாட்டார்கள், கயிற்றால் தைப்பார்கள். அலை தூக்கிப் போட்டாலும் அது வளைந்து கொடுக்கும். கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கடைசி ஒரு மைலுக்கு உள்ளூர்ப் படகோட்டியின் தயவு வேண்டும். இரண்டு நாடுகளின் வணிகம் எப்படி நடந்தது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரையில் நின்றபடியே இப்படி விளக்கிவிடலாம்.

வரலாற்று ஆசிரியர்கள் இந்த ஊரைக் கோட்டையில் தொடங்கிக் கோட்டையிலேயே முடிப்பதுதான் சிக்கல். 1620-இல் டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மாசிலாமணிநாதர் கோயில் எழுந்துவிட்டது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது, 1306-ஐச் சேர்ந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பிள்ளைகளை முதலில் அங்கே நிறுத்தினால், ஐரோப்பியர் வந்த பிறகுதான் ஊரே உண்டானது என்ற எண்ணம் எழாது.

பிறகு உடன்படிக்கைக்கு வரலாம். டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் அனுப்பிய ஓவ் கெத்தே, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் கோட்டை கட்ட இடமும் வணிக உரிமையும் பெற்றார். பதிலுக்கு ஆண்டுதோறும் தொகை செலுத்த வேண்டும். நாயக்கர் தமிழில் அனுப்பிய பொன்னோலை இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் அவருடைய கையொப்பம் தெலுங்கில். தஞ்சையை ஆண்டவர் தெலுங்கில் கையெழுத்திடுகிறார், ஓலை தமிழில், போவதோ டென்மார்க்குக்கு. வகுப்பறையில் அரைமணி நேரப் பேச்சுக்கு இது ஒன்று போதும். டேனிஷ் கொடிக்கு வண்ணம் தீட்டச் சொல்லும் பயிற்சித்தாளை இனியாவது கைவிடலாம்.

கதை கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கெயை விட்டால் வேறு ஆள் கிடையாது. 1640-களில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் ஊரைவிட்டுப் போயும், கோட்டையில் கடைசியாக மிஞ்சிய டேனிஷ்காரர் அவர் ஒருவர்தான். உள்ளூர் மக்களைக் கொண்டே ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். வங்கக் கடலில் வந்த கப்பல்களைப் பிடித்துக் காலம் தள்ளினார். 1669-இல்தான் தாய்நாட்டுக் கப்பல் வந்து சேர்ந்தது. அவர் வீரரா, கொள்ளைக்காரரா என்று பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விடலாம். தீர்ப்பு சொல்லும் அவசரம் ஆசிரியருக்கு வேண்டாம்.

ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்க் 1706-இல் வந்தார், அச்சுக்கூடம் அமைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இதெல்லாம் பாடநூலில் உண்டு. பாடநூல் தொடாத ஒன்றும் உண்டு. 1712 முதல் அவரும் உடன் பணியாற்றிய கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள்: உங்கள் சமயம் என்ன, திருமணம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அச்சாயின. தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தமிழர் குரலை ஜெர்மன் வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதே கேள்விகளை இன்றைய பிள்ளைகளிடம் கொடுத்து, டென்மார்க்கில் இருக்கும் ஒரு பள்ளிக்குப் பதில் எழுதச் சொல்வது அருமையான பயிற்சி. தபாலில் சேர்க்காவிட்டாலும் குறையில்லை.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. மிளகும் துணியும் ஏற்றிய இந்தக் கரையிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் அடிமைகளையும் ஏற்றினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இது என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், பஞ்ச காலத்தில் வறுமை மனிதரை விலைப்பொருளாக்கியது என்று நிதானமாகச் சொல்லலாம். டேனிஷ் நினைவுச் சின்னங்களைப் புதுப்பித்த அழகை மட்டும் காட்டிவிட்டு வருவது பாதி வரலாறு.

1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்திலிருந்த இன்னொரு டேனிஷ் குடியேற்றமான செராம்பூரும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறின. ஊரை விற்பது என்றால் என்னென்ன விற்கிறார்கள் என்ற பட்டியலைப் பிள்ளைகள் வேனில் திரும்பும்போதே எழுதட்டும். கோட்டையும் தெருவிளக்கும் எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும். 1792-இல் கட்டிய நகரவாயிலை யாராவது சேர்ப்பார்கள். மீனவர் குப்பத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை வந்தால், அடுத்த வகுப்பு அதிலிருந்து தொடங்கட்டும்.