எலியில் ஜெயிச்சா போதுமா?

'எலிகளிடம் நடந்த சோதனை வெற்றி'ன்னு செய்தி வந்தாலே, மருந்து ரெடின்னு ஷேர் பண்ணிடறோம். ஆனா, மைக்ரேன் மருந்துகளின் கதை நம்மைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறது.

மைக்ரேன் தலைவலியில் சிஜிஆர்பி என்ற மூலக்கூறுக்கு முக்கியப் பங்கு உண்டு. செல்லில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி, தனியா வேலை செய்யாது. பக்கத்தில் 'ராம்ப்1' என்ற குட்டிப் புரதம் துணைக்கு இருக்கணும். 1998-இல்தான் இது தெரியவந்தது. அதே ஏற்பி, ராம்ப்2 உடன் சேர்ந்தால் வேறொரு ஹார்மோனுக்கு வேலை செய்யும்!

ஓல்செஜிபன்ட் என்ற மருந்து, எலியின் ஏற்பியைவிட மனித ஏற்பியில் 100 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டியது. ஏன்? 2002-இல் விடை கிடைத்தது. ராம்ப்1 புரதத்தின் 74-வது இடத்தில் மனிதருக்கு டிரிப்டோஃபான், எலிக்கு லைசின். வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம்தான்.

அதனால்தான் மனித மரபணுவை வேறு செல்களில் புகுத்தி, மனிதப் புரதத்தையே ஆய்வகங்களுக்காகத் தயாரிக்கிறார்கள். குப்பியில் 'ஆய்வுக்கு மட்டும்' என்றிருக்கும். அது மருந்து அல்ல. மருந்தை உரசிப் பார்க்கும் உரைகல். இந்த ஏற்பி-ராம்ப்1 ஜோடியைக் குறிவைக்கும் எரெனுமாப் மருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

எலியில் ஜெயிச்சதுன்னு கொண்டாடுவதும், எலியில் எடுபடலைன்னு தூக்கிப்போடுவதும் ஒரே தப்புதான். அடுத்த முறை ஷேர் பண்ணும் முன் ஒரு கேள்வி: மனிதப் புரதத்தில் சோதிச்சுப் பார்த்தாங்களா?