தண்ணீர் வரும் வழியில் புகையும் வரும்



நம் ஜொகூரில் மழைக்குப் பஞ்சமில்லை. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை ஓய்வதில்லை. அந்த நாட்களில் தோட்டத்து வீடுகளின் முன்னால் நிற்கும் கார்களைக் கவனித்திருப்பீர்கள். பின்பக்கத்துப் பூட்டைத் திறந்தவுடன் ஈரச் சாக்கு வாடை முகத்தில் அடிக்கும். விரிப்பைத் தூக்கினால் ஸ்பேர் டயர் குளத்தில் கிடக்கும் எருமையைப் போல் தண்ணீரில் கிடக்கும்.

நாம் என்ன செய்கிறோம்? குவளையால் மொண்டு ஊற்றுகிறோம், பழைய நாளிதழை விரிக்கிறோம், வெயிலில் காய வைக்கிறோம். அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. சலித்துப்போன சிலர் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். பூட்டின் அடித்தகட்டில் இருக்கும் வட்டமான ரப்பர் மூடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். மூடி இல்லாத வண்டியில் ஆணியால் துளை போடுகிறவர்களும் உண்டு. "வருகிற தண்ணீர் தானாகவே போய்விடும்" என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி ஆபத்தானது என்பதைச் சொல்லத்தான் இந்த இதழில் இந்தப் பேச்சை எடுத்தேன்.

நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு வேன் போய் வந்த பிறகு அதைச் சுற்றிப் பாருங்கள். தூசி எங்கே அதிகமாக அப்பியிருக்கிறது? முன்கண்ணாடியிலா? இல்லை, வண்டியின் முதுகில். வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பச் சுற்றியுள்ள காற்று சுழன்றுகொண்டு வருகிறது, தூசியையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. சரி, புகைக்குழாய் எங்கே இருக்கிறது? அதுவும் அதே இடத்தில்தான். தூசியை முதுகில் அப்புகிற அந்தக் காற்று, புகைக்குழாய் கக்கும் புகையையும் அங்கேயே சுழற்றுகிறது. ஒரு துளையோ, நைந்த ரப்பரோ இருந்தால் போதும், உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர், தூசி, புகை மூன்றுக்கும் வாசல் ஒன்றுதான்.

புகை என்றால் கண்ணை எரிக்கும் கரும்புகையை மட்டும் நினைக்காதீர்கள். பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொண்டால் இலேசில் விடாது. முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, மயக்கம். கடைசியில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். நிறுத்திய காரில் எஞ்சினையும் குளிர்ச்சாதனத்தையும் ஓடவிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் எழாமலே போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போக விடியற்காலையில் குடும்பத்தோடு புறப்படுகிறோம். பிள்ளைகள் பின்னிருக்கையில் படுத்து உறங்குகிறார்கள். நடுவழியில் ஒன்று வாந்தி எடுக்கிறது, இன்னொன்று தலை வலிக்கிறது என்று அழுகிறது. "இதுகளுக்குக் காரில் போனாலே ஒத்துக்கொள்ளாது" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுக்கிறோம். பெரும்பாலும் அது வெறும் பயண மயக்கமாகவே இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், காரை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் தெளிந்தால், மறுபடி ஏறியதும் திரும்ப வந்தால், எலுமிச்சம்பழத்தை நம்பியிராதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையை நாடுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் 999 எண்ணை அழையுங்கள்.

பயமுறுத்துவதோடு நிறுத்தினால் அது வாத்தியார் வேலையாகாது. ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்ல வேண்டும்.

தகரக் கூரையில் வாழ்ந்த நமக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். ஆணி ஓட்டை ஒரு மூலையில் இருக்கும், சொட்டு இன்னொரு மூலையில் விழும். தண்ணீர் விட்டத்தின் வழியாக ஊர்ந்து வந்து பள்ளமான இடத்தில் சொட்டும். காரும் அப்படியே. பூட்டிலேயே ஆழமான பள்ளம் ஸ்பேர் டயர் வைக்கும் குழிதான். ஆகவே எங்கே நுழைந்த தண்ணீரும் கடைசியில் அங்கே போய்த் தங்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றுகொண்டு ஓட்டையைத் தேடிப் பயனில்லை.

முதலில் மூன்று கேள்விகள். வண்டி சும்மா நின்று மழையில் நனைந்தால் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் வழி மேலே இருக்கிறது. ஈரச் சாலையில் ஓடிய பிறகு மட்டும் வருகிறதா? அப்படியானால் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் கீழேயிருந்து ஏறுகிறது. அடித்தகட்டின் ரப்பர் மூடிகளையும் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டு இணைப்புகளையும் பாருங்கள். பின்கண்ணாடி வைப்பர் உள்ள வண்டியா? கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சிய பிறகு மட்டும் ஈரமானால், அந்தத் தண்ணீரைப் பின்னால் கொண்டுபோகும் மெல்லிய குழாய் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பூட்டைக் காலி செய்யுங்கள். விரிப்பு, ஸ்பேர் டயர், ஜாக் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நன்றாகக் காய வையுங்கள். எடுத்த டயரை வீட்டின் பின்னால் சாய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அதில் தேங்கும் மழைநீரில் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும்.

காய்ந்த பூட்டில் ஓரங்களையும் இணைப்புகளையும் முதலில் கண்ணால் பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டியென்றால் தூசியே துப்புச் சொல்லும். ரப்பர் சரியாக அழுந்தாத இடத்தில் உள்பக்கமாகச் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். பிறகு வாத்தியார் கையிலிருக்கும் ஆயுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கட்டியைத் தூளாக்கி, இணைப்புகளின் உள்பக்கத்தில் மெலிதாகத் தூவுங்கள். முகப்பவுடரும் ஆகும். தண்ணீர் வந்தால் அந்தத் தூளில் தடம் பதித்துக்கொண்டுதான் வரும். தடத்தைப் பின்தொடர்ந்து மேலே போனால் வாசல் தெரியும்.

பூட்டை மூடி, தோட்டத்துக் குழாயால் வெளியே தண்ணீர் விடுங்கள். வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், மழை போல் வழியட்டும். முக்கியமானது, கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்று தெரியாமல் போகும். முதலில் பம்பர் உயரம், பிறகு சிவப்பு விளக்குகள், பிறகு மூடியின் ஓரம், கடைசியில் பின்கண்ணாடியும் கூரையும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் விட்டு, நிறுத்தி, திறந்து பாருங்கள். பின்னிருக்கையை மடக்கக்கூடிய வண்டியானால் பெரியவர் ஒருவர் உள்ளே டார்ச் விளக்கோடு இருந்து பார்க்கலாம். பிள்ளைகளை மட்டும் விளையாட்டுக்குக்கூடப் பூட்டுக்குள் வைத்து மூடாதீர்கள்.

ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். அதை ரப்பருக்கும் மூடிக்கும் இடையில் வைத்து மூடிவிட்டு இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் அந்த இடம் நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் தளர்ந்துவிட்டது. கையளவு தூரத்துக்கு ஒரு முறை வைத்துச் சுற்றிலும் சோதியுங்கள்.

வழக்கமாக ஒழுகும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். பின்விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சு போன்ற ரப்பர். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர். மூடியின் கீல்கள். பின்கண்ணாடியின் ஒட்டு. கூரையில் ஆண்டெனா நிற்கும் அடிப்பகுதி. அழகுக்காகப் பூட்டிய ஸ்பாயிலரின் திருகுத் துளைகள். பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காற்றுப் போக்கியின் ஓரம். இவற்றோடு, முன்பு பின்னால் இடிபட்டுத் தட்டிச் சரிசெய்த வண்டியானால் தகட்டு இணைப்புகள். வெளியே சாயம் பளபளக்கும், உள்ளே இணைப்பில் பூச வேண்டிய பசையைப் பூசாமலே விட்டிருப்பார்கள்.

இனி மருந்து. ரப்பர் அழுக்கேறியிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். எஞ்சின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டாம், அவை ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும். கிழிந்த ரப்பரை ஒட்டுப் போட்டு ஏமாறாமல் மாற்றிவிடுங்கள். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவாகட்டும், 2009இல் உற்பத்தி நின்றுபோன கஞ்சிலாகட்டும், பழைய வண்டி உடைக்கும் கடைகளில் தேடிப் பார்க்கலாம். வாங்கும்போது விரலால் அழுத்துங்கள். அழுத்தியதும் எழும்பி வந்தால் நல்ல ரப்பர், பள்ளமாகவே நின்றால் வேண்டாம்.

விளக்கு ஒழுகினால் அதைக் கழற்றி, பழைய பஞ்சை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். மரைகளை ஒன்றுமாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் பலமாக முடுக்கினால் பிளாஸ்டிக் விரிந்துவிடும், ஓட்டை ஒன்று இரண்டாகும்.

தகட்டு இணைப்பில் பசை வெடித்திருந்தால் பழையதைச் சுரண்டி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசிக் காய்ந்த பிறகு, காருக்கென்றே விற்கும் இணைப்புப் பசையைப் பூசுங்கள். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் மீதி இருக்கிறதே என்று அதை அப்பிவிடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் வகையில் அமிலம் இருக்கிறது, அது வெறும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதன் மேல் சாயமும் ஒட்டாது. எந்தப் பசையானாலும் வெளிப்பக்கத்தில் பூச வேண்டும். உள்பக்கம் பூசினால் தண்ணீர் தகட்டுக்கு நடுவில் சிறைப்பட்டு அங்கேயே துருவை வளர்க்கும்.

பிடுங்கி எறிந்த அடி மூடிக்குப் பதில் சரியான அளவில் ஒரு ரப்பர் மூடியை வாங்கிப் போடுங்கள். நாலைந்து வெள்ளிச் சாமானுக்காகப் பிள்ளைகளின் மூச்சைப் பணயம் வைப்பதா? ஆணித்துளை போட்ட வண்டியானால் அதையும் துரு நீக்கி அடைத்துவிடுங்கள். அத்தோடு பட்டறைக்குப் போகும்போது புகைக்குழாயையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓட்டை இருந்தால் மற்ற வேலையெல்லாம் வீண்.

கட்டிலையோ உர மூட்டையையோ ஏற்றிக்கொண்டு பூட்டு மூடியைக் கயிற்றால் பாதி கட்டி ஓட்டுகிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆணித்துளை என்ன, அங்கே கதவே திறந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட பயணத்தில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வேறு வழியே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்ட நேர்ந்தால், முன்கண்ணாடிகளை இறக்கி, வெளிக்காற்று முன்னாலிருந்து உள்ளே வரும்படி காற்றாடியை முழு வேகத்தில் வையுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. வெள்ளத்தில் கிடந்த வண்டியைக் கழுவித் துடைத்து வாசனை தெளித்து விற்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சாயத்தைப் பார்த்து மயங்காமல் பூட்டு விரிப்பைத் தூக்குங்கள். ஸ்பேர் டயர் குழியின் மடிப்புகளில் நுண்ணிய சேறு, இருக்கையின் அடித் திருகுகளில் துரு, பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அதன் அடியில் தண்ணீர் நின்ற கறை, இவை சேர்ந்திருந்தால் அது மழை ஒழுகல் அல்ல, வெள்ளம் குடித்த வண்டி. விலை எவ்வளவு மலிவானாலும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஒழுகலை அடைத்த வீட்டுக்கு இன்னும் பல இலாபங்கள் உண்டு. குளுவாங்–மெர்சிங் சாலையில் இருட்டில் டயர் வெடித்தால் துருப்பிடித்து இறுகிய ஜாக் நம்மைக் கைவிடாது. பின்விளக்கின் மின்கம்பிகள் பச்சை பூத்து அணைந்துபோகா. பட்டணத்தில் வாங்கிய அரிசியும் பிள்ளைகளின் புத்தகப் பையும் நனையா.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு விடுமுறைதானே? காலை வெயில் இருக்கும்போதே பூட்டைக் காலி செய்யுங்கள். வெண்கட்டித் தூள், காகிதத் துண்டு, தண்ணீர்க் குழாய் மூன்றும் போதும், காசு செலவில்லை. வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு தடத்தைத் தேடச் சொல்லுங்கள். காரணத்தைத் தேடிப் போவது எப்படி என்று அவர்களும் கற்றுக்கொள்வார்கள். அந்தக் காரின் பின்னிருக்கையில் உறங்கப் போகிறவர்களும் அவர்கள்தாமே.

அடுத்த இதழில் சந்திப்போம்.